பரந்தாமனின் வலது கால்

திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரைவர்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் பரந்தாமனைப் பற்றி ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். மழை பெய்து ரோடு வழுக்கும் நாளில்கூட அவன் லாரிக்கு முன்னால் பயமில்லாமல் சைக்கிளில் போகலாம். அவன் நிறுத்திவிடுவான்.

அந்தப் பெயரை அவன் சும்மா வாங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் நகரி ரோட்டில் தூறலில் வந்துகொண்டிருந்தபோது ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திக்கொண்டன. லாரி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தும் வண்டி அதைக் காதில் வாங்காமல் நேராகவே சறுக்கிப் போய், எருமை தானாக விலகிக்கொள்ள, ஒரு புளியமரத்தில் மோதியது. காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டோடு கிடந்தான். சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது என்பதை அந்த இரண்டு மாதத்தில் தனக்குத் தானே நூறு தடவை சொல்லிக்கொண்டான். கட்டுப் பிரித்ததும் மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் பழகினான். சக்கரம் பூட்டப் போகிற அந்த நொடியில் காலை லேசாக எடுப்பான். சுற்றத் தொடங்கியதும் மறுபடி அழுத்துவான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து பதினெட்டு வயது வரை குழித்தறியில் மிதிபலகை மிதித்த கால் அது. மூன்று மாதத்தில் பழக்கம் படிந்துவிட்டது.

1985 ஆனி மாதம். ஆலையில் அரவை முடிந்து லாரி ஷெட்டில் நின்றது. கே.ஜி.கண்டிகையில் சிங்காரத்தின் டீக்கடையில் பரந்தாமன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவும் அணிந்த ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும்.

“இங்க நல்ல லாரி டிரைவர் யாராவது இருக்காங்களா? ரெண்டு மாச வேலை.”

சிங்காரம் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டான்: “நல்ல டிரைவர்னா எப்டிங்க? வேகமா ஓட்டணுமா, மலைப் பாதையில ஏத்தணுமா?”

“நிறுத்தணும்.”

சிங்காரம் கையில் இருந்த டம்ளரால் பரந்தாமனைக் காட்டினான்.

அவள் பெயர் சந்திரா. சென்னையில் பிரேக் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் என்ஜினியர். வெளிநாட்டிலிருந்து ஒரு புதுக் கருவியை வரவழைத்து ஒரு லாரியில் மாட்டியிருக்கிறார்கள். நம் ஊர் ரோட்டிலும் மழையிலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கண்டிகைக்கு அப்பால் புதிதாகத் தார் போட்டு இன்னும் திறக்காமல் கிடக்கும் இரண்டு மைல் ரோட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டார்கள். வந்த இடத்தில் கம்பெனி டிரைவருக்கு மஞ்சள் காமாலை.

“கருவி இன்னா பண்ணும் மேடம்?” என்று கேட்டான் பரந்தாமன்.

“எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் சக்கரம் பூட்டாது.”

பரந்தாமன் சிரித்தான். “அதுக்கு எதுக்குங்க வெளிநாட்டு மிசினு? என் காலு அந்த வேலையத்தான் செஞ்சுகினு கீது.”

“அப்ப நீங்கதான் எனக்கு வேணும்” என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பித்தது. லாரி நிறைய மணல் மூட்டை. ஒரு டேங்கர் வந்து ரோட்டின் இடது பாதியை மட்டும் நனைத்து, மேலே களிமண் கரைசலையும் ஊற்றிவிட்டுப் போயிருந்தது. வலது பாதி காய்ந்த தார். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

“ஐம்பதுல வாங்க. கோட்டுகிட்ட பிரேக் பிடிங்க. எப்பவும் பிடிக்கிற மாதிரியே. கருவியை அணைச்சு வெச்சிருக்கேன்” என்றாள் சந்திரா.

பரந்தாமன் வந்தான், கோட்டில் மிதித்தான், விட்டான், மிதித்தான், விட்டான், மிதித்தான். லாரி ஒரு முழம்கூடப் பக்கவாட்டில் போகாமல் நின்றது. சந்திராவின் உதவியாளர் பங்காரு டேப்பைப் பிடித்து அளந்தார். நாற்பத்தாறு மீட்டர்.

“எங்க டிரைவர் இதே இடத்துல சக்கரத்தைப் பூட்டிட்டு ஐம்பத்து மூணுல நின்னார். அதுவும் குறுக்கால திரும்பி.” சந்திரா நோட்டில் குறித்துக்கொண்டே சொன்னாள். குரலில் நிஜமான மரியாதை இருந்தது.

“சுவிட்சைப் போடுங்க மேடம். அதையும் பாத்துடலாம்.”

கருவியைப் போட்டாள். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைந்தது. பரந்தாமன் அதே மாதிரி வந்து அதே மாதிரி மிதித்தான். பங்காரு டேப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஐம்பது.

பரந்தாமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பாத்தீங்களா? மிசினு என் காலைக் கெடுக்குது.”

“இல்ல. உங்க கால்தான் மெஷினைக் கெடுக்குது.” சந்திரா கோபப்படாமல் சொன்னாள். “மிதிச்சிட்டு எடுக்கக் கூடாது. வண்டி நிக்கற வரைக்கும் அழுத்தியே வெச்சிருக்கணும்.”

“வழுக்குற ரோட்டுல அழுத்தி வெச்சா வீல் லாக்காயிடும் மேடம். அப்டித்தான் மரத்துல போயி அடிச்சேன். எலும்பு ஒடஞ்ச இடம் இப்பவும் மழை வந்தா வலிக்குது.”

“சரி, கீழ வாங்க” என்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கோணிச் சாக்கை விரித்து, அவளே முதலில் லாரிக்கு அடியில் மல்லாந்து போனாள். பரந்தாமன் கூச்சத்தோடு பின்னால் போனான்.

சக்கரத்தின் உட்பக்கம் இரும்பு வளையம் ஒன்று தெரிந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள். அதற்கு எதிரே விரல் கனத்தில் ஒரு முனை, அதிலிருந்து ஒரு ஒயர்.

“இதுல நூறு பல் இருக்கு. சக்கரம் சுத்தும்போது எத்தனை பல் கடந்து போகுதுன்னு இந்த முனை எண்ணிக்கிட்டே இருக்கும். கணக்கு சீட்டுக்குப் பின்னால இருக்கற பெட்டிக்குப் போகும். ஒரு சக்கரம் மட்டும் திடீர்னு மெதுவானா, அது பூட்டப் போகுதுன்னு பெட்டிக்குப் புரியும். உடனே இந்த வால்வு அந்தச் சக்கரத்தோட பிரேக்குல இருக்கற காத்தைக் கொஞ்சம் வெளிய விடும். சுத்த ஆரம்பிச்சதும் திரும்ப உள்ள அனுப்பும். ஒரு செகண்டுல மூணு நாலு தடவை.”

“நானும் அதத்தானே செய்யறேன்?”

“நீங்க செய்யறது தப்பே இல்ல. ஆனா நீங்க காலை எடுத்தா எல்லாச் சக்கரத்துலயும் ஒண்ணாப் பிடி விடுது. வலது பக்கம் காஞ்ச தார்ல நல்லாப் பிடிச்சிட்டிருக்கற சக்கரத்தையும் சேர்த்து விட்டுடறீங்க. இது வழுக்கற சக்கரத்தை மட்டும்தான் விடும்.”

பரந்தாமன் பல் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தான். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு முதுகாலேயே தேய்த்துக்கொண்டு போனான். நாலு பக்கமும் தனித்தனி முனை, தனித்தனி வால்வு.

“தறியில ஒரு இழை அறுந்தா அந்த இழையத்தான் முடி போடுவோம். பாவு நூல் முழுக்க அவுக்க மாட்டோம்” என்றான் கடைசியில். “ஆங், புரியுது மேடம்.”

புரிந்தது வேறு, கால் கேட்பது வேறு. அன்று முழுக்க ஒன்பது தடவை ஓட்டினான். ஒன்பது தடவையும் வால்வு ‘புஸ்’ என்று காற்றை விட்ட சத்தம் கேட்டவுடன் கால் தானாக மேலே வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை அவன் உடம்பு ஏதோ அறுந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டது.

அவன் வீடு திருத்தணியில் நெசவாளர் தெருவில். மனைவி வரலட்சுமி அத்தை மகள்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் அவள் தறியில் இருந்தபடியே பார்த்தாள். பரந்தாமன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் வலது காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தான்.

“இன்னா பாவா, செவுத்தை இடிக்கப் போறியா?”

“எடுக்காம அழுத்தணும். பத்து எண்ணுற வரைக்கும்.”

“அது இன்னா கஷ்டம்?”

“நீ நடுவுல ‘புஸ்’ஸுன்னு சத்தம் குடு. அப்ப பாரு.”

வரலட்சுமி தறியில் ஓடும் நாடாக் கட்டையை நிறுத்திவிட்டு ஆறு வரை எண்ணினாள். ‘புஸ்’ என்றாள். அவன் கால் துள்ளியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்கே விளையாட்டு பிடித்துப்போய், எப்போது வரும் என்று தெரியாதபடி நாலிலும் ஏழிலும் ஒன்பதிலும் சத்தம் கொடுத்தாள். விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் கால் துள்ளுவது நின்றது. சுவரில் சுண்ணாம்பு ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

மறுநாள் மூன்றாவது ஓட்டத்தில் பிடித்துவிட்டான். கோட்டில் முழுசாக மிதித்தான். நாலு பக்கமும் ‘புஸ் புஸ் புஸ்’ என்று காற்று வெளியேறியது. வண்டி உடம்பைச் சிலிர்த்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அப்படியே வைத்திருந்தான். லாரி நேராக நின்றது. முப்பத்தேழு மீட்டர்.

பங்காரு டேப்பின் முனையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். சந்திரா கை தட்டினாள். பரந்தாமன் கீழே இறங்கி, தான் நின்ற இடத்தையும், நேற்றுத் தன் கால் நிறுத்திய இடத்தையும் நடந்து பார்த்தான். நடுவே பத்து எட்டுக்கு மேல் இருந்தது. அந்தப் பத்து எட்டில் ஒரு குடும்பமே நிற்கலாம் என்று நினைத்தான்.

அதற்கப்புறம் வேலை சூடுபிடித்தது. நடு ரோட்டில் காலி டிரம்களை வைத்தார்கள். பிரேக்கை முழுக்க அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி டிரம்மைச் சுற்றிப் போக வேண்டும். நகரி ரோட்டில் செய்ய முயன்று முடியாமல் போன அதே காரியம். இப்போது வண்டி திரும்பியது. முதல் தடவை அது திரும்பியபோது பரந்தாமன் தன்னையறியாமல் “முருகா” என்றான். பத்தாவது தடவை ஒரு கையால் மீசையைத் தடவப் போனான். “ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல” என்று சந்திரா அதட்டினாள்.

ஒரு நாள் ரோட்டில் ஜல்லி கொட்டிச் சோதித்தார்கள். அங்கே எல்லாம் தலைகீழானது. கருவியோடு முப்பத்து நாலு மீட்டர், சக்கரம் பூட்டினால் இருபத்தொன்பது.

“இது இன்னா மேடம், இங்க தோத்துடுச்சு?”

“பூட்டின சக்கரம் முன்னால ஜல்லியைக் குவிச்சு, அதுவே கட்டையா நிக்குது. சுத்தற சக்கரம் அது மேல ஏறிப் போயிடும். தளர்ந்த ஜல்லியில இது நீளமாத்தான் நிக்கும். ரிப்போர்ட்ல அதையும் எழுதணும்.” அவள் எழுதினாள். ஜெயித்த கணக்கை எழுதிய அதே பேனாவால், அதே கையெழுத்தில். அன்றிலிருந்து பரந்தாமனுக்கு அவள் சொல்லும் எண் எதுவானாலும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டதால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு லாரியைத் திருத்தணிக்கு ஓட்டி வந்தான். பக்கத்தில் சந்திரா. பின்னால் ஜீப்பில் பங்காரு. மூட்டைகளை இறக்க நேரமில்லை. முழுப் பாரம்.

மழை நின்று தூறலாகியிருந்தது. நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஒரு வளைவு திரும்பினான். இடப்பக்கம் கரும்புத் தோகை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அச்சு முறிந்து பாதி ரோட்டை மறித்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்துவிட்டது ஒரு காவடிக் கூட்டம். இருபது பேர் இருக்கும். லாரிப் பக்கம் கடைசியாக மயில் தோகைக் காவடி எடுத்துக்கொண்டு ஒரு ஆள். காவடியின் வளைவு மறைத்திருந்ததால் பின்னால் லாரி வருவது அவருக்குத் தெரியவில்லை. மேளச் சத்தத்தில் ஹாரனும் கேட்கவில்லை.

பரந்தாமன் மிதித்தான்.

‘புஸ்’ என்ற சத்தம் கேட்டது. ஆறு வருஷப் பழக்கம் முழங்காலில் ஏறி வந்து காலை இழுத்தது. சோதனை ரோட்டில் டிரம்தான் இருந்தது. இங்கே மனிதர்கள். எடு, எடு என்றது கால். அவன் எடுக்கவில்லை. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து இன்னும் அழுத்தினான். கண்ணைக் காவடியிலிருந்து பிடுங்கி வலப்பக்கம் பார்த்தான். ஆட்களுக்கும் வயல் வரப்புக்கும் நடுவே ஒரு லாரி அகலத்துக்கு மண் ஓரம் இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினான். வண்டி கேட்டது. ஏழு டன் மணலோடு முனகிக்கொண்டு, காற்றைத் துப்பிக்கொண்டு, முன்சக்கரங்கள் தாரை விட்டு ஈர மண்ணில் இறங்கின. காவடியின் மயில் தோகை இடது கண்ணாடியை உரசியது. லாரி நின்றது.

மேளம் நின்றுவிட்டது.

காவடி எடுத்தவர் அப்போதுதான் தலையைத் திருப்பிப் பார்த்தார். கதவுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். கூட்டத்திலிருந்து பால்குடம் ஏந்திய ஒரு பெண், அவர் மனைவி போலிருக்கிறது, ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டி எப்டி இப்டி ஒடிஞ்சி திரும்புச்சு?” என்று கேட்டார் மேளக்காரர்.

பரந்தாமன் அப்போதும் பிரேக்கை விடவில்லை. சந்திரா அவன் முழங்காலைப் பார்த்தாள்.

“நின்னாச்சு பரந்தாமன். இப்ப எடுக்கலாம்” என்றாள் மெதுவாக.

ஹாண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினான். முதல் வேலையாக வளைவுக்குப் பின்னால் ஓடிப் போய் பங்காருவின் ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினான். பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒரு ஆளை நிறுத்தினான். அப்புறம் ஐந்தாறு பேராகச் சேர்ந்து முறிந்த மாட்டு வண்டியை ஓரம் தள்ளினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

“நீங்க வேகமா வரல. அதனாலதான் அந்த ஓரத்துக்குத் திரும்ப முடிஞ்சது” என்றாள் சந்திரா. “அறுபதுல வந்திருந்தா கருவி இருந்தும் பிரயோஜனம் இல்ல.”

“தெரியும் மேடம். நான் அத எண்ணிகினுதான் ஒக்காந்துகினு கீறேன்.”

செய்தி அன்று இரவே ஊருக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் சென்னையிலிருந்து கம்பெனி மேனேஜர் பாலசுப்பிரமணியன் காரில் வந்து இறங்கினார். உற்சாகமான மனிதர். பரந்தாமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே விஷயத்துக்கு வந்தார்.

“திருவிழா முடிஞ்சதும் மலைப் பாதையில செய்வோம். மேல இருந்து லாரியை வேகமா இறக்கணும். வளைவுல வந்து ஒரே மிதி. பத்திரிகைக்காரங்க போட்டோ எடுப்பாங்க. கோயில் பின்னால தெரியும். எப்படி?”

சந்திரா வாயைத் திறப்பதற்குள் பரந்தாமன் சொன்னான்: “முடியாதுங்க.”

“என்னய்யா, அத்தனை பேர் நடுவுல நிறுத்தினவன் நீ. இதுக்கா பயப்படற?”

“பயம் இல்லீங்க சார். மலை வளைவுல வேகமா வந்தா வண்டியைப் புடிச்சி நிறுத்த ரோட்டுல அவ்ளோ புடிப்பு கெடையாது. இந்த மிசினு புதுசா புடிப்பு தராதுங்க. டயருக்கும் ரோட்டுக்கும் இருக்குறத வீணாக்காம வாங்கிக் குடுக்கும், அவ்ளோதான். இல்லாதத எங்கேருந்து குடுக்கும்? நான் போயி கவுந்தா, மிசினு கெட்டதுன்னு எழுதுவாங்க. போட்டோவப் பாத்துட்டு நாலு டிரைவரு அதே மாதிரி எறங்குவான். அது இன்னும் கெட்டது.”

மேனேஜர் சந்திராவைப் பார்த்தார். “அவர் சொல்றதுதான் சரி, சார்” என்றாள் அவள்.

“அப்ப நான் பத்திரிகைக்காரங்களுக்கு என்னத்தைக் காட்டறது?”

“கண்டிகை ரோட்டுக்கு வாங்க” என்றான் பரந்தாமன். “ஐம்பதுல ஓட்டறேன். மொதல்ல மிசினு இல்லாம லாக் பண்ணி நிறுத்துறேன். அப்பால என் காலால. அப்பால மிசினால. மூணு தடவையும் நீங்க என் பக்கத்துல ஒக்காருங்க. எறங்கி வந்து நீங்களே அவங்களுக்குச் சொல்லுங்க.”

அப்படியே நடந்தது. சக்கரம் பூட்டி லாரி குறுக்கே திரும்பியபோது மேனேஜர் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை டிரம்மைச் சுற்றி நின்றபோது கையை எடுத்துவிட்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் இரண்டே பேர்தான் வந்தார்கள். ஒருவர் எழுதினார், ஒருவர் எழுதவில்லை.

ஆவணியில் வேலை முடிந்தது. உதிரிப் பாகங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இங்கே செய்ய இன்னும் பல வருஷம் ஆகும், இப்போதைக்கு நிறுத்தி வைப்பது என்று கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். பங்காரு லாரிக்கு அடியில் படுத்து முனைகளையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். சந்திரா தன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பரந்தாமனுக்குக் காட்டினாள். சோதனை ஓட்டுநர் என்று அவன் பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள் ஜீப்பில் ஏறும் முன். “உங்க கால் இப்ப எங்க லாரிக்குப் பழகியிருக்கு. உங்க லாரியில இது இல்ல. அதை மறந்துடாதீங்க.”

“மறக்க மாட்டேன் மேடம்” என்றான் பரந்தாமன். அவன் மறக்கவும் இல்லை. ஆனால் கால் மறந்துவிட்டது.

மார்கழியில் அரவை தொடங்கிய முதல் நாள், விவசாயி கஜபதியின் கொல்லையில் கரும்பு ஏற்றக் காலி லாரியை எடுத்துக்கொண்டு போனான். பனி பெய்து ரோடு ஈரமாக இருந்தது. கொல்லைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மிதித்தான். ‘புஸ்’ஸுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. பின்சக்கரங்கள் பூட்டி, லாரி ஒரு ஆள் நீளம் சறுக்கி, பாதை ஓரக் கல்லில் லேசாக முட்டி நின்றது. நாய் எப்போதோ போய்விட்டிருந்தது. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். வேகம் இருபதுகூட இல்லை.

பரந்தாமன் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு டன் கரும்போடு, எதிரே பஸ் வரும்போது இது நடந்திருந்தால் என்று யோசித்தான். கஜபதி கரும்புக் கட்டுகளைத் தாண்டி ஓடி வந்தார்.

“இன்னா பரந்தாமா, நீயா இப்டி முட்டுனது?”

“நான்தான். கரும்பு மத்தியானம் ஏத்திக்கலாம் நைனா. எனக்கு ரெண்டு மணி நேரம் குடு.”

“ஆளுங்கள்லாம் வந்து நிக்கிறாங்கடா. இப்ப எங்க போற?”

“கண்டிகை ரோட்டுக்கு.”

புது ரோடு இன்னும் திறக்கவில்லை. அரசாங்கக் காரியம், இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பங்காரு கோடு போட்ட இடத்தில் வெள்ளை மங்கிப் போயிருந்தது. பரந்தாமன் பக்கத்து வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து ரோட்டில் ஊற்றினான். முப்பதில் வந்தான். மிதித்தான், கால் ஒட்டிக்கொண்டது. சறுக்கியது. திருப்பி எடுத்துவந்தான். மறுபடி. மறுபடி. சக்கரம் பூட்டும்போது சீட்டுக்கு அடியில் ஒரு வழுவழுப்பு வரும். இத்தனை வருஷம் அதைத்தான் நம்பி ஓட்டினான். அது மறுபடி உடம்புக்குப் பிடிபட எட்டு தடவை ஆயிற்று. பதினைந்தாவது தடவை மிதி, விடு, மிதி என்று கால் தன் பழைய நடைக்கு வந்தது. இருபது வரை செய்தான். பிரேக் காற்றின் அளவைக் காட்டும் முள் இறங்கினால் நிறுத்தி, ஏறவிட்டு, மறுபடி செய்தான்.

மூன்று மணிக்குக் கரும்பு ஏற்றி முடிந்தது. கஜபதி ஆலைவரை கூடவே வந்தார். திருவாலங்காட்டு ரோட்டில் அவர்களுக்கு முன்னால் வரிசையாகக் கரும்பு டிராக்டர்கள். பரந்தாமன் முன்னால் போகும் டிரெய்லரிலிருந்து நல்ல தூரம் விட்டு வந்தான். நடுவில் இருந்த இடத்தில் ஒரு பஸ் புகுந்தது. அவன் இன்னும் பின்வாங்கி மறுபடி அதே தூரம் விட்டான்.

“இன்னாடா, எடம் குடுத்துகினே போற? நாம கடைசியாத்தான் போய்ச் சேருவோம்.”

“போய்ச் சேருவோம் நைனா.”

ஆலை வாசலில் பதினேழாவது வண்டியாக நின்றார்கள். வெல்லப் பாகின் வாசனை வந்துகொண்டிருந்தது. பரந்தாமன் கதவைத் திறந்து இறங்கி, வலது காலை இரண்டு தடவை உதறிவிட்டு, எடை மேடைக்குச் சீட்டு வாங்கப் போனான்.